பீரோவில் இருக்கும் களக்குறிப்பேடுகள்: மானிடவியல் ஆவணங்களைக் காப்பாற்றப் புதிதாக வருபவர்களுக்கு

களப்பணிக்குப் போன மானிடவியலாளர் ஊர் திரும்பும்போது கையில் கொண்டுவருவதில் ஒரு சிறு பங்குதான் அச்சுக்குப் போகிறது. வீடு வீடாக எடுத்த கணக்கு, யாருக்கு யார் என்ன முறை என்று வரைந்த வம்சாவளிப் படம், மழைக்கு ஒதுங்கிய திண்ணையில் ஒரு பாட்டி சொன்ன கதை, திருவிழாவில் பதிந்த பாட்டு, ஊரின் கைவரைபடம், பேருந்துச் சீட்டின் பின்னால் கிறுக்கிய பெயர் எல்லாம் பீரோவிலும் பரணிலும் தங்கிவிடுகின்றன. ஆய்வாளர் ஓய்வு பெறுகிறார், வீடு மாறுகிறார், ஒருநாள் இறந்தும் போகிறார். பிள்ளைகளுக்கு அது பழைய காகிதம். எடைக்குப் போய்விடும்.

நீங்கள் அந்தப் பீரோவின் சாவியை வாங்கிக்கொண்டவராக இருக்கலாம்: மாணவர், மகள், கல்லூரி நூலகர். அல்லது இப்போதுதான் முதல் களப்பணிக்குக் கிளம்புகிறவராக இருக்கலாம். இந்தக் கட்டுரை இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் காகிதத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று யாராவது கேட்டால், நான் கலிபோர்னியாவின் முட்சுன் மொழியைச் சொல்வேன். அதைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி அசென்சியோன் சொலோர்சானோ 1930-ல் இறந்தார். அதற்குச் சற்று முன், அவர் நோயுற்றிருந்த காலத்தில், ஜான் பீபாடி ஹாரிங்டன் என்ற மொழியியலாளர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல் சொல்லாக எழுதி வைத்தார். ஹாரிங்டன் தன் வாழ்நாளில் பல பூர்வகுடி மொழிகளைப் பற்றி எழுதிக் குவித்தது ஏறக்குறைய 10 லட்சம் பக்கங்கள். பெரும்பகுதியை அவர் வெளியிடவே இல்லை. 1961-ல் அவர் இறந்த பிறகு பல இடங்களில் சிதறிக் கிடந்த பெட்டிகளைத் தேடிச் சேர்த்து அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வைத்தார்கள். 1990-களில் முட்சுன் மக்களின் வழிவந்தவர்கள் அந்தக் குறிப்புகளைப் படித்துத் தங்கள் மொழியை மறுபடி கற்கத் தொடங்கினார்கள். அந்தப் பெட்டிகளில் ஒன்றை யாராவது எடைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் நாள்: எதையும் அடுக்காதீர்கள்

பீரோவைத் திறந்ததும் கை பரபரக்கும். நோட்டு எல்லாம் ஒரு பக்கம், போட்டோ எல்லாம் ஒரு பக்கம், கேசட் எல்லாம் ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கத் தோன்றும். நான் முதன்முதலில் ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியரின் வீட்டில் அதைத்தான் செய்தேன். ஒரே பகலில் எல்லாவற்றையும் அழகாக அடுக்கிவிட்டேன். ஒரு நோட்டுக்குள் செருகியிருந்த 7 புகைப்படங்களை எடுத்துப் புகைப்படக் குவியலில் சேர்த்தேன். அந்த நோட்டில் தேதியும் ஊரும் இருந்தன. படங்களின் பின்னால் எதுவும் இல்லை. இப்போது அந்தப் படங்களில் இருப்பவர்கள் யார், எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை.

எனவே முதல் நாள் கையில் செல்போன் மட்டும் போதும். ஒவ்வொரு தட்டையும் இருக்கிறபடியே படம் எடுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் திறந்த நிலையில், மேலிருந்து, பிறகு பாதி எடுத்த நிலையில் என்று படம் எடுங்கள். எந்த நோட்டுக்குள் எது செருகியிருந்தது என்பதும் ஒரு செய்திதான். தட்டுக்கு ஒரு எண், பெட்டிக்கு ஒரு எண், அதற்குள் இருக்கும் பொருளுக்கு ஒரு எண். எண்ணைப் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பேனாவோ ஸ்டிக்கரோ வேண்டாம்.

ஆள் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள்

இந்த வேலையிலேயே மிக அவசரமானது இதுதான். ஸ்கேன் செய்வதை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்; காகிதம் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். ஆய்வாளரின் நினைவு தாங்காது. அவர் நல்ல நிலையில் இருக்கிறார் என்றால் இந்த வாரமே போங்கள்.

ஒவ்வொருவரும் களத்தில் தமக்கென்று ஒரு சுருக்கெழுத்து வைத்திருப்பார்கள். "மு.வீ." என்று 40 இடத்தில் எழுதியிருக்கும். முதலியார் வீடா, மூத்த வீடா, முனியாண்டி வீடா? எழுதியவருக்குத்தான் தெரியும். சிவப்பு மையில் எழுதியது நேரில் பார்த்தது, நீல மையில் எழுதியது மற்றவர் சொன்னது என்று ஒரு வழக்கம் வைத்திருப்பார். அதை எங்கேயும் எழுதியிருக்க மாட்டார். இதனால்தான் நோட்டைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கக் கூடாது.

ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு நோட்டு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கங்களைப் புரட்டச் சொல்லுங்கள். நான் வழக்கமாகக் கேட்பவை: இந்த நோட்டு எப்போது தொடங்கியது? அப்போது எந்த ஊரில், யார் வீட்டில் தங்கியிருந்தீர்கள்? கூட இருந்து மொழிபெயர்த்தது யார், உதவியது யார்? இந்தச் சுருக்கெழுத்து எதைக் குறிக்கிறது? இதில் வெளியே தெரியக் கூடாதது எது? நீங்கள் அப்போது நம்பி, பிறகு தவறு என்று உணர்ந்தது எது? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் சில சமயம் நோட்டைவிட மதிப்புள்ளவை.

உதவியாளரின் பெயரைத் தனியாகக் கேளுங்கள். ஊரைச் சுற்றிக் காட்டியவர், பேச வைத்தவர், பாட்டை எழுதிக் கொடுத்தவர் பெயர் புத்தக முன்னுரையில் ஒரு வரியோடு முடிந்திருக்கும், பல நேரம் அதுவும் இருக்காது. அந்தக் கையெழுத்து நோட்டுகளுக்குள் இருக்கிறது. அது யாருடையது என்று எழுதி வைப்பது நம் கடமை.

ஆய்வாளர் இறந்துவிட்டார் என்றால், உடன் போன மாணவர்கள், மனைவி அல்லது கணவர், களத்தில் உதவியவரின் குடும்பம் என்ற வரிசையில் தேடுங்கள்.

பட்டியல்

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு எக்ஸெல் தாள் போதும். எண், என்ன பொருள், எழுதியவர் அல்லது பதிந்தவர், இடம், தேதி, மொழி, யாரைப் பற்றி, பொருளின் நிலை, யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு. இந்த 9 பத்திகள் இருந்தால் எந்தக் காப்பகமும் உங்களை வரவேற்கும். தெரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாதீர்கள். "தெரியவில்லை" என்று எழுதுங்கள். ஊகம் என்றால் "ஊகம்" என்று எழுதி, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்றும் ஒரு வரி சேருங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும்.

காகிதம்

நம் ஊர் வெயிலும் ஈரமும் கரையானும் ராமபாணப் பூச்சியும் காகிதத்தின் எதிரிகள். சுவரை ஒட்டி, தரையில் பெட்டி வைக்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் இவற்றை மெதுவாக எடுத்துவிடுங்கள். சேர்ந்திருந்த தாள்களைச் சேர்ந்தே ஒரு மடித்த தாளுக்குள் வையுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. அது மஞ்சளாகி, பசை காகிதத்துக்குள் இறங்கி, எழுத்தையும் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்பப் பிரிக்கவே முடியாது.

பூஞ்சை பிடித்த நோட்டை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, நிழலில் காற்றோட்டமான இடத்தில் உலர வையுங்கள். வெயிலில் போடாதீர்கள். அந்துருண்டையை நோட்டோடு போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதன் ஆவி சுவாசிப்பவருக்கும் கெடுதல், புகைப்படங்களுக்கும் நல்லதில்லை. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, மிளகு, கிராம்பு, பட்டை முதலியவற்றை இடித்துத் துணியில் முடிச்சாகக் கட்டிச் சுவடிகளுக்கு அருகே வைக்கிற வழக்கம் உண்டு. முடிச்சு காகிதத்தைத் தொடாமல் இருந்தால் வீட்டிலும் அதைச் செய்யலாம்.

ஸ்கேன் என்றால் வண்ணத்தில், குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), முடிந்தால் 400, புகைப்படங்களுக்கு 600. அட்டை, வெற்றுப் பக்கம், ஓரக்கிறுக்கல், இடையில் செருகிய பேருந்துச் சீட்டு எதையும் விடாதீர்கள். மூலக்கோப்பை டிஃப் (TIFF) என்ற படக்கோப்பு வடிவில் வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு மட்டும் பிடிஎஃப் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லை என்றால் ஜன்னல் வெளிச்சத்தில், போனை ஒரு தாங்கியில் பொருத்தி, நேர் மேலிருந்து எடுத்தாலும் சரி. ஸ்கேன் ஆகிவிட்டது என்பதற்காக மூல நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பென்சில் அழுத்தம், அழித்த தடம் எல்லாம் மூலத்தில்தான் இருக்கிறது.

ஒலிநாடாக்கள்

காகிதத்துக்குப் பொறுமை உண்டு, நாடாவுக்குக் கிடையாது. நாடாவும் கெடுகிறது, அதை ஓட்டும் கருவியும் மறைந்துகொண்டிருக்கிறது. பணமோ நேரமோ குறைவு என்றால் முதலில் நாடாவைக் கவனியுங்கள்.

கேசட் கையில் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், அதன் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுவது. அப்புறம் யாரும் தவறிப்போய் அதன்மேல் பதிய முடியாது. உறையில் எழுதியதை நம்பாதீர்கள், உறை மாறியிருக்கலாம். கேசட்டின் மேல் எழுதியதையும் உறையில் எழுதியதையும் தனித்தனியாகப் பட்டியலில் ஏற்றுங்கள்.

உள்ளே வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சை, ஓட்ட வேண்டாம். 1970, 80-களின் சில ஸ்பூல் நாடாக்களில் பசைப்பூச்சு ஈரத்தை இழுத்து இளகிவிடும். ஓட்டினால் கிறீச்சென்று சத்தம் வரும், நாடாவைப் படிக்கும் முனையான ஹெட்டில் பழுப்பாகப் படியும். உடனே நிறுத்துங்கள். இதற்கு வெதுவெதுப்பான சூட்டில் பல மணி நேரம் உலர்த்தும் சிகிச்சை உண்டு, ஆனால் அது பழகியவர்கள் கையில் நடக்க வேண்டும். காடி வாசம் அடிக்கும் நாடாவோ ஃபிலிமோ வேறு வகைக் கேடு. அது பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்பதால் தனியே வையுங்கள்.

நல்ல நிலையில் இருப்பவற்றை நீங்களே மாற்றலாம். கேசட்டை ஓட்ட நல்ல டெக் ஒன்று, ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கணினியோடு இணைக்க ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ். கோப்பை வேவ் (WAV) வடிவில், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதியுங்கள். எம்பி3 என்பது கேட்பதற்கான படி மட்டுமே, சேமிப்புக்கு ஆகாது. இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலக்கோப்பில் கை வைக்காதீர்கள். பின்னணியில் கேட்கும் உரலும் ஆட்டுமணியும் நாளை ஒருவருக்குத் தரவு.

பழைய எழுத்துருக்களில் இருக்கும் தமிழ்க் கோப்புகள்

இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி, ஆங்கிலக் கையேடுகளில் இதற்கு விடை கிடைக்காது. 1990-களிலும் 2000-களிலும் தட்டச்சு செய்த களக்குறிப்புகள் பெரும்பாலும் பாமினி, டாம், டாப், திஸ்கி போன்ற குறியாக்கங்களில் இருக்கின்றன. பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். "கோப்பு கெட்டுப்போச்சு" என்று நினைத்து அழித்தவர்களை நான் அறிவேன். கெடவில்லை, எழுத்துரு மட்டும்தான் இல்லை.

முதலில் மூலக்கோப்பை ஒரு படி எடுத்து அப்படியே வையுங்கள். அந்த எழுத்துருவைத் தேடி நிறுவி, சரியாகத் தெரிகிறபோது ஒரு பிடிஎஃப் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை பிடிஎஃப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். கோப்பின் நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழென்று நினைத்துக் குதறிவிடும். தாவரப் பெயர்கள், மேற்கோள்கள், நூற்பெயர்கள் இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தே தீர வேண்டும்.

எத்தனை படி, எங்கெங்கே

மானிடவியலாளர் எம். என். சீனிவாஸ் மைசூர்ப் பகுதியின் ராம்புரா கிராமத்தில் 1948-ல் களப்பணி செய்தார். பிறகு பல ஆண்டுகள் உழைத்து அந்தக் குறிப்புகளைப் பகுத்து ஒழுங்குபடுத்தினார். கவனமானவர், மூன்று படிகள் வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கி ஆய்வு செய்த மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். மூன்று படிகளும் அதே அறையில் இருந்தன. மூன்றும் எரிந்தன. சக மானிடவியலாளர் சோல் டாக்ஸ் நினைவிலிருந்தே எழுதும்படி தூண்டினார். அப்படிப் பிறந்ததுதான் 1976-ல் வெளிவந்த, நினைவில் நின்ற கிராமம் என்று பொருள்படும் தலைப்புள்ள அந்தப் புகழ்பெற்ற நூல். நூல் கிடைத்தது, நல்லது. ஆனால் எல்லோருக்கும் சீனிவாஸின் நினைவாற்றல் இருக்காது.

2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, பூர்வகுடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும், கர்ட் நிமுவெண்டாஜு என்ற இனவரைவியலாளரின் மூல ஆவணங்களும் போயின. அவற்றில் வேறு இடத்தில் படி இருந்தவைதான் இன்று மிச்சம். பெரிய நிறுவனத்தில் கொடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருக்க முடியாது.

காப்பகத்தார் சொல்லும் கணக்கு எளிது: மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்றாவது வேறு ஊரில். வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க், இணையச் சேமிப்பில் ஒன்று, வெளியூரில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் இன்னொரு டிஸ்க். பென் டிரைவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்க்கைச் செருகிச் சில கோப்புகளையாவது திறந்து பாருங்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது

இங்கே நிதானம் வேண்டும். களக்குறிப்பில் கடன், கள்ள உறவு, கொலை வழக்கு, சாதிச் சண்டையில் யார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் இருக்கும். நம்பிக்கையில் சொன்னவை அவை. சொன்னவரின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

மாற்றுப்பெயர்களுக்கும் உண்மைப் பெயர்களுக்கும் உள்ள அட்டவணையைத் தனிக்கோப்பாக, தனி இடத்தில், கடவுச்சொல்லோடு வையுங்கள். ஆனால் அழிக்காதீர்கள். 50 ஆண்டு கழித்து, "என் பாட்டி பாடியது எங்கே இருக்கிறது?" என்று ஒரு பெண் தேடி வந்தால், அந்த அட்டவணைதான் அவளுக்கு வழி காட்டும்.

மூடி வைக்க வேண்டியதற்கு முடியும் தேதி ஒன்று போடுங்கள். "2060 வரை பார்க்க அனுமதியில்லை" என்பது பயனுள்ள குறிப்பு. "ரகசியம்" என்று மட்டும் எழுதினால் அதை எப்போது, யார் திறப்பது என்று தெரியாமல் காப்பகம் திண்டாடும்.

சட்டம் அனுமதிக்காத வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். 2001-ல் தொடங்கிய பாஸ்டன் கல்லூரியின் பெல்ஃபாஸ்ட் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில், வட அயர்லாந்து மோதல்களில் ஈடுபட்டவர்களிடம் "நீங்கள் இறக்கும்வரை இது வெளியே போகாது" என்று சொல்லிப் பேட்டி எடுத்தார்கள். 2011-ல் நீதிமன்ற ஆணை வந்தது. சில பதிவுகள் காவல்துறைக்குப் போயின. அந்தப் பேட்டி கொடுத்தவர்களின் நிலையில் நம் தகவலாளர்களை நிறுத்தக் கூடாது. "என்னால் முடிந்தவரை காப்பேன், நீதிமன்றம் கேட்டால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது" என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

எங்கே கொடுப்பது

தனியாள் வீட்டில் இருப்பது நிரந்தரமில்லை. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று பாருங்கள். இசை, பாட்டு, சடங்கு ஒலிப்பதிவுகள் என்றால் 1982-ல் தொடங்கி இப்போது குருகிராமில் இருக்கும் இனஇசையியல் காப்பகம், அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. தமிழ் அச்சும் காகிதமும் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நாட்டார் வழக்காறு என்றால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் ஆய்வு மையம். இலங்கைத் தமிழர் தொடர்பானவற்றுக்கு 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் எழுப்பியது அது. எல்லோரும் எல்லாவற்றையும் வாங்க மாட்டார்கள். முதலில் உங்கள் பட்டியலை அனுப்பிப் பேசுங்கள்.

கொடுக்கும்போது எழுத்தில் உடன்பாடு வேண்டும்: உரிமை யாருக்கு, எது திறந்தது, எது எந்த ஆண்டுவரை மூடியது, அந்த மக்களுக்குப் படி கிடைக்குமா, இந்த இடம் மூடப்பட்டால் எங்கே போகும். வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள்.

இப்போதுதான் களத்துக்குப் போகிறீர்களா?

உங்கள் வேலை மிக எளிது. தினமும் இரவு, தூங்கும் முன், அன்றைய கோப்புகளுக்குப் பெயர் வைத்துவிடுங்கள்: ஆண்டு மாதம் நாள், ஊர், பொருள். ஒவ்வொரு ஒலிப்பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், இருப்பவர்கள் யார் என்று உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் சுருக்கெழுத்துப் பட்டியல் இருக்கட்டும். ஒப்புதல் கேட்கும்போது "இதை நான் இறந்த பிறகும் வேறு யாராவது கேட்கலாமா?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பலரும் ஆமாம் என்பார்கள். சிலர் இந்தப் பாட்டு வேண்டாம், மற்றதெல்லாம் சரி என்பார்கள். அதை அப்படியே எழுதுங்கள்.

ஊருக்குத் திரும்பக் கொண்டுபோவது

1890 மார்ச்சில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜெஸ்ஸி ஃப்யூக்ஸ் என்பவர் பாஸமாக்வோடி மக்களின் பாட்டையும் கதையையும் மெழுகு உருளைகளில் பதிந்தார். களத்தில் எடுத்த ஒலிப்பதிவுகளில் மிகப் பழையவை அவை. இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றை மின்வடிவாக்கி அந்த மக்களிடமே திருப்பித் தந்திருக்கிறது. எந்தப் பாட்டை யார் கேட்கலாம், அதற்கு என்ன பெயர், என்ன விளக்கம் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். இந்தியாவிலும் இதற்கு முன்னோடி உண்டு. டச்சு இசையறிஞர் ஆர்னால்ட் பாகே 1930-களின் இறுதியில் தென்னிந்தியாவில் பதிந்தவற்றை, 1984-ல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அதே ஊர்களுக்கு எடுத்துப்போய்ப் போட்டுக் காட்டினார்கள்.

நீங்கள் போகும்போது சின்ன ஸ்பீக்கர் ஒன்றும், பெரிதாக அச்சிட்ட புகைப்படங்களும் எடுத்துப்போங்கள். பென் டிரைவைக் கையில் கொடுத்துவிட்டு வருவது போதாது. உட்கார்ந்து சேர்ந்து கேளுங்கள். படத்தில் இருப்பவர்களை ஊர்க்காரர்கள் அடையாளம் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் பெயரும் தேதியும் கூடவே வரட்டும். "இவர் எழுதியது தப்பு, அந்தக் கோவில் எங்கள் பங்காளிகளுடையது" என்று ஒருவர் சொன்னால், பழைய குறிப்பை அழித்துத் திருத்தாதீர்கள். அவர் சொன்னதை, அவர் பெயரிலேயே, அந்த எண்ணுக்கு எதிரே புதிய வரியாகச் சேருங்கள்.